அதிகாலை 4 மணி ஆட்டமும் 14 மணி நேர விமானமும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 47. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம். சில வருடங்களாக மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். குடும்பம் ஊரில். 2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டத்திலிருந்து லிவர்பூல் கால்பந்துக் குழுவின் ரசிகன். இங்கே எனக்குச் சொந்தபந்தம் என்றால் மாமாக் கடையில் (இங்குள்ள தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் ஆறேழு பேர்தான். அதிகாலை 4 மணி ஆட்டம் என்றால் பார்த்துவிட்டு அப்படியே 7 மணிக்கு ஆலைக்குப் போய்விடுவேன். சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் மாத்திரை, இரவு 10 மணிக்கு லாண்டஸ் இன்சுலின். சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.2 இருந்தது 8.9 ஆகிவிட்டது. வரும் பிப்ரவரியில் நண்பர்களோடு லிவர்பூலின் சொந்த அரங்கமான ஆன்ஃபீல்டுக்கே போய் ஆட்டம் பார்க்கத் திட்டம். 14 மணி நேர விமானம். இன்சுலினை எந்த நேரத்தில் போடுவது? கால் வீங்குமா? தூக்க மாத்திரை தருவீர்களா? மனைவியோ, "இந்த உடம்ப வச்சிக்கிட்டு அவ்ளோ தூரம் போகணுமா? அந்தக் காசுக்கு ஊருக்கு வரலாம்ல" என்கிறாள். போகலாமா, வேண்டாமா?

பதில்: போகலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை நீங்கள் நிம்மதியாகப் படிக்க மாட்டீர்கள்.

நீங்கள் பயப்படுவது அந்த 14 மணி நேரத்துக்கு. உங்கள் கடிதத்தைப் படித்த எனக்குக் கவலை தருவது அதுவல்ல, அந்த அதிகாலை 4 மணி. விமானத்தில் ஒரு முறை போய் வருவதை உடம்பு தாங்கிக்கொள்ளும். நீங்களோ சுங்கை சிப்புட்டை விட்டு நகராமலேயே வாராவாரம் லிவர்பூல் நேரத்துக்குப் போய்விட்டு, காலை 7 மணிக்குள் திரும்பியும் விடுகிறீர்கள். எச்பிஏ1சி ஏறியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஊரில் இருந்தபோதும் இதே ஆட்டங்களைத்தானே பார்த்தோம் என்பீர்கள். பார்த்தீர்கள், ஆனால் வேறு நேரத்தில். இங்கிலாந்தில் குளிர்காலத்து இரவு 8 மணி ஆட்டம் தமிழ்நாட்டில் நள்ளிரவு 1.30. முடியும்போது 3.30, அதன்பிறகும் மூன்று மணி நேரம் படுக்கலாம். அதே ஆட்டம் இங்கே 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிகிறது. படுக்கவும் முடியாது, படுக்காமல் இருக்கவும் முடியாது. போதாததற்குத் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. பேராக்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி பகல் ஒன்றே கால் ஆகிவிடும். உடம்பின் உள்கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைக்கும். அதன் கணக்கில் நீங்கள் ஆலைக்குள் நுழையும் 7 மணி என்பது இன்னும் 6 மணிகூட ஆகவில்லை.

தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று என் கிளினிக்கில் கேட்காதவர்கள் குறைவு. நல்ல ஆரோக்கியமான ஆட்களை ஒரே ஓர் இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் அவர்கள் உடம்பில் இன்சுலின் வேலை செய்யும் திறன் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இல்லாதவர்களுக்கே அந்தக் கதி. அதோடு, இரவில் கணையம் பகலைப் போல வேலை செய்யாது. மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டால் ஓரளவு சமாளித்துவிடும் ரொட்டி சானாய், விடியற்காலை 5 மணிக்குச் சர்க்கரையை அதிகம் ஏற்றும், அதிக நேரம் இறங்கவும் விடாது.

சாப்பாட்டில் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வேளைச் சாப்பாட்டைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடைவேளையில் வரும் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸும், கோல் விழுந்தால் ஒன்று, விழாவிட்டால் ஒன்று என்று வரும் தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீரும் யார் கணக்கில்? ஆட்டம் பார்த்த மறுநாள் காலையில் "வெறும் வயிற்றில்" சர்க்கரை பார்த்தேன் என்று சொல்லும் ரசிகர்கள் எனக்கு நிறையப் பழக்கம். 5 மணிக்குச் சாப்பிட்டவருக்கு 6.30-க்கு வெறும் வயிறு கிடையாது.

ஆட்டத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். சொந்த ஊரை விட்டு வந்தவருக்கு அந்த ஆறேழு பேர் எவ்வளவு முக்கியம் என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு திடல், ஒரு பந்துக் குழு இருந்த காலம் உண்டு. "ஸ்பைடர்மேன்" ஆறுமுகம் என்ற மலேசியக் கோல்காவலர் கோல் கம்பத்துக்கு முன்னால் பாய்ந்ததை இன்றைக்கும் கையை விரித்துக் காட்டிச் சொல்லும் பெரியவர்கள் என்னிடம் ரத்த அழுத்தம் பார்க்க வருகிறார்கள். சொல்லும்போது அழுத்தம் ஏறிவிடுவதால் கதை முடிந்தபிறகுதான் கருவியைக் கையில் கட்டுவேன்.

ஆகவே ஆட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். லீக் ஆட்டங்கள் 38. அவற்றில் பெரும்பாலானவை சனி, ஞாயிறுகளில். நமக்கு இரவு 8.30, 10, 11, நள்ளிரவு 12.30 என்று வரும். மறுநாள் வேலை இல்லையென்றால் அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. உங்களை அடிப்பது கிழமை நாட்களின் 4 மணி ஆட்டங்கள், முக்கியமாக ஐரோப்பியக் குழுக்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக். இப்போதைய முறையில் முதல் கட்டத்தில் ஒரு குழுவுக்கு எட்டு ஆட்டம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்துக் கடிகாரம் ஒரு மணி முன்னே போவதால் அவை நமக்கு 3 மணி ஆட்டங்கள். இந்தச் சிலவற்றுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்தால் போதும். பெரிய எதிரணி என்றால் மறுநாளுக்கு முன்கூட்டியே ஆண்டு விடுப்பு எழுதிக் கொடுங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வராதீர்கள், லிவர்பூல் தோற்றதற்கெல்லாம் எம்.சி. எழுத முடியாது. விடுப்பு இல்லாத நாளில் இரவு 9 மணிக்கே படுத்து 3.45-க்கு எழுந்திருங்கள். படுக்கும் நேரம் முன்னால் வருவதால் அன்றைக்கு மட்டும் இன்சுலினை 9 மணிக்கே போட்டுக்கொள்வதில் தவறில்லை. மற்ற நாளெல்லாம் 10 மணிதான். கடையில் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) சொல்லுங்கள், அதுவும் ஒன்று போதும். ராத்திரி 10 மணிக்குக் குடித்த காபியில் பாதி அதிகாலை 3 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், முன்தூக்கம் போடும் நாளில் மாலை 4 மணிக்குமேல் காபி, தேநீர் வேண்டாம். சாப்பாட்டை ஆட்டம் முடிந்து, வழக்கமான காலை உணவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தை உங்கள் கடிதம் சொல்லவே இல்லை. 6 மணிக்கு மாமாக் கடையிலிருந்து எதில் போகிறீர்கள்? மோட்டார் சைக்கிள் என்றால், 17 மணி நேரம் விழித்திருந்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் முந்தின நாள் காலை 6 மணிக்கு எழுந்தவர் என்றால் அப்போது 24 மணி நேரம் ஆகியிருக்கும். செம்பனைக் குலை லாரிகள் போகும் இருட்டுச் சாலை, பிறகு ஆலை இயந்திரங்கள். சர்க்கரையை நாளைக்கும் இறக்கலாம், இதில் இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது. முன்தூக்கம் போடாத இரவில் ஆட்டம் பார்க்கப் போகாதீர்கள். இதில் நான் கறார்.

நெஞ்சையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனியின் முனிக் வட்டாரத்தில் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர நோயாளிகள் வழக்கத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வந்தார்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இனிப்பு நீர்க்காரர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வருவதுண்டு. மூச்சு வாங்குவது, வியர்த்துக் கொட்டுவது, தாடை இறுகுவது இவற்றை "பெனால்ட்டி டென்ஷன்" என்று தள்ளிவிடாதீர்கள். பயணத்துக்கு முன் ஓர் ஈசிஜி, கண் பரிசோதனை, சிறுநீரகப் பரிசோதனை மூன்றும் முடியட்டும்.

இனி பயணம்.

இன்சுலின் கேள்விதான் உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் இருப்பதிலேயே சுலபமானது அதுதான். பிப்ரவரியில் மலேசியாவுக்கும் இங்கிலாந்துக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே பகல் 2 மணி. லாண்டஸ் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சீராக வேலை செய்யும் இன்சுலின், அதற்கு வேண்டியது 24 மணி நேர இடைவெளி மட்டும்தான். பத்து நாள் பயணத்துக்காக நேரத்தை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கைக்கடிகாரம் ஒன்றை மலேசிய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். இரவு விமானம் என்றால் 10 மணி ஊசியை விமான நிலையத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது மறுநாள் இங்கிலாந்து நேரம் பகல் 2 மணி. சனிக்கிழமை 3 மணி ஆட்டம் என்றால் அரங்கத்துக்குள் நுழையும் முன் போட்டுவிடலாம். திரும்பி வந்ததும் அது தானாக இரவு 10 மணி ஆகிவிடும். நடுவில் மறந்துவிட்டால் இரண்டு வேளையைச் சேர்த்துப் போடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்சுலாடார்ட் போடுகிறவர்களாகவோ, கலவை இன்சுலின் போடுகிறவர்களாகவோ இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அந்த இன்சுலின்களுக்கு உச்சம் உண்டு, இரவில் போடுவதைப் பகலில் போட்டால் மாலையில் சர்க்கரை தாழ்ந்துவிடும். உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். கடிதம் எழுதிய நண்பருக்கும் ஒன்று உண்டு. அங்கே நடை அதிகம், அதனால் சர்க்கரை வழக்கத்தைவிட இறங்கும். அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் பயணத்துக்கு முன்பே கேளுங்கள்.

இன்சுலின் முழுவதும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பினால் சரக்கு அறையின் குளிரில் உறையலாம், உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது. தேவையைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு, ஒரு பங்கை நண்பரின் கைப்பையில் வையுங்கள். ஊசி, மருந்து விவரத்தோடு டாக்டர் கடிதம் அவசியம். ஆன்ஃபீல்டு வாசலில் பையைச் சோதிக்கும்போதும் அது உதவும். சட்டையின் உள்பையில் குளுக்கோஸ் மிட்டாய் வையுங்கள், சர்க்கரை 4-க்குக் கீழே போனால் அதுதான் முதலுதவி. ஊரிலிருந்து கொண்டுவந்த மீட்டர் வைத்திருக்கிறீர்களா? அது 72 என்று காட்டுவதைத்தான் இங்கேயும் இங்கிலாந்திலும் 4 என்பார்கள். அங்கே ஒரு நர்சிடம் எண் சொல்ல நேர்ந்தால் 18-ஆல் வகுத்துச் சொல்லுங்கள்.

கால் வீக்கம். இரண்டு காலும் லேசாக வீங்குவது எல்லோருக்கும் உண்டு, ஓரிரு நாளில் வடிந்துவிடும். பயப்பட வேண்டியது ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்துச் சூடாக இருந்தால். அது ரத்தக்கட்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து இரண்டு மடங்காகிறது. ஆனாலும் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். உங்கள் கணக்கு 14 மணி நேரத்தோடு முடியவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல், அங்கே காத்திருப்பு, லண்டனில் இறங்கியபின் லிவர்பூலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயில். நடைபாதைப் பக்கத்து இருக்கை வாங்கி, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முழங்கால்வரை வரும் அழுத்தக் காலுறை நல்லது, ஆனால் உங்கள் காலில் ரத்த ஓட்டம் சரியாக உள்ளதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். தூக்க மாத்திரை கிடையாது. மாத்திரை போட்டு மடங்கிக் கிடப்பதுதான் ரத்தக்கட்டிக்கு அழைப்பு, சர்க்கரை தாழ்ந்தாலும் விழிப்பு வராது.

என்னைக் கேட்டால் விமானத்தைவிடச் செருப்பு பெரிய விஷயம். இங்கே நாம் வருடம் முழுக்கச் சிலிப்பர் போட்டுத் திரிகிறவர்கள். குளிருக்கென்று புறப்படும் முதல் நாள் புது பூட்ஸ் வாங்கி, அதோடு லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து ஆன்ஃபீல்டு வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அரங்கப் படிகளில் ஏறி, இரண்டு மணி நேரம் குளிரில் இருந்தால் குதிகால் கொப்பளிக்கும். ஆறு வருடச் சர்க்கரைக்காரருக்கு அந்தக் கொப்புளம் தெரியாமலே போகலாம். ராத்திரி காலுறையைக் கழற்றும்போது ரத்தம் ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். ஒரு மாதம் முன்பே பூட்ஸ் வாங்கி, வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பழக்குங்கள். மெல்லிய பருத்தி ஒன்று, அதன்மேல் கம்பளி ஒன்று என்று இரண்டு காலுறை போடும் உத்தேசமிருந்தால் இரண்டையும் போட்டுக்கொண்டே பூட்ஸ் அளவு பாருங்கள். தினமும் இரவில் உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள், கைப்பேசியில் படமெடுத்தாவது பாருங்கள். மரத்த காலை ஹீட்டரிலோ சுடுநீர்ப் பையிலோ வைத்துச் சூடாக்காதீர்கள், தோல் வெந்துபோவது தெரியாது.

மேற்கே போகும்போது தூக்கம் சீக்கிரம் சரியாகும், கிழக்கே திரும்பும்போதுதான் படுத்தும். இறங்கிய அன்றே ஆட்டம் வைக்காதீர்கள். அங்கே இரவு 8 மணி என்பது உங்கள் உடம்புக்கு அதே அதிகாலை 4 மணிதான், அவ்வளவு காசு கொடுத்து ஆன்ஃபீல்டில் உட்கார்ந்து தூங்கிவழிய வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்னால் போய், பகல் 2 மணியிலிருந்து இருட்டும்வரை வெளியில் நடமாடுங்கள். திரும்பி வந்ததும் சிப்பாங்கிலிருந்து நீங்களே கார் ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வராதீர்கள், இடிஎஸ் ரயில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்தே ஆலைக்குப் போங்கள்.

என் துறை இல்லையென்றாலும் சிலது சொல்லிவிடுகிறேன். மலேசிய நண்பர்களுக்கு இணையத்தில் எடுக்கும் மின்னியல் பயண அனுமதி போதும், இந்தியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். அவர்கள் அவசரத்துக்கு நீங்கள் ஓடாதீர்கள். தொலைக்காட்சிக்காக ஆட்டத் தேதியை மாற்றுவது அங்கே சகஜம், முன்னும் பின்னும் நாள் விட்டுப் பதிவு செய்யுங்கள். தெருவில் விற்கும் நுழைவுச்சீட்டை வாங்காதீர்கள், அனுமதியில்லாமல் அப்படி விற்பது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றம். பயணக் காப்புறுதியில் இனிப்பு நீரை மறைக்காதீர்கள். வெளிநாட்டவர் அங்கே அரசாங்க மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள்.

கடைசியாக உங்கள் மனைவி கேட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதற்கு மருத்துவத்திலேயே ஒரு வழியும் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து துபாய் அல்லது தோகா வழியாக மான்செஸ்டர் போகலாம், லிவர்பூலுக்கு அது பக்கம். எட்டு மணி நேர வித்தியாசத்தை உடம்பு ஒரே தாவலில் கடப்பதற்குப் பதிலாக இரண்டரை, ஐந்தரை என்று இரண்டாகப் பிரித்துக் கடக்கும், தொடர்ந்து உட்காரும் நேரமும் குறையும். திரும்பும்போது ஊரில் ஒரு வாரம் தங்கினால், கிழக்கே வரும் அசதியின் பெரும்பகுதி வீட்டுச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும். ஊசி நேரம் அங்கே மாலை 7.30, ஒரு வாரத்துக்கு அதையும் மாற்ற வேண்டாம். நண்பர்கள் நேராகப் போகட்டும், நீங்கள் லிவர்பூலில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். செலவு கொஞ்சம் கூடலாம், குறையவும் செய்யலாம், விசாரியுங்கள். ஆனால் இன்று ராத்திரியே அவரிடம் பேசிவிடுங்கள். எல்லோருக்கும் ஒன்றாகப் பதிவு செய்தபிறகு உங்கள் ஒரு டிக்கெட்டை மட்டும் மாற்றப் போனால் தனியாகக் காசு கேட்பார்கள்.